ஜிம்மி இல்லாத வீட்டில் மூளை என்ன செய்கிறது

எங்கள் நாய் ஜிம்மியைப் பின்கட்டு ரம்புத்தான் மரத்தடியில் புதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கும் அப்பா சாப்பிட்டு முடித்தபோது தட்டோரத்தில் ஒரு பிடி சோறு இருந்தது. முள்ளை எடுத்துவிட்டு மீனோடு பிசைந்து ஒதுக்கிய சோறு. எழுந்து இரண்டு அடி வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அவர் தன் மர நிரைக்குப் போகும்போது ஜிம்மி முன்னால் ஓடும். புதரில் பாம்பு கிடந்தால் அவருடைய விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் அதன் மூக்குக்குத் தெரிந்துவிடும். வேலை ஓய்ந்து, தோட்டத்து லயத்து வீட்டை விட்டு டவுன் பக்கம் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது. மொத்தம் பதின்மூன்று வருடம்.

“ஒரு நாய்க்குப் போய் இப்படியா?” என்று கேட்டவர்கள் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. இந்தத் துக்கம் எப்படி வேலை செய்கிறது என்று அப்புறம் தேடிப் படித்தேன். அந்த ஒரு பிடி சோற்றை இப்போது மறதி என்று சொல்ல மாட்டேன். பதின்மூன்று வருடம் படித்த பாடத்தை அவருடைய மூளை தப்பில்லாமல் ஒப்பித்திருக்கிறது.

அடுத்து என்ன வரப்போகிறது என்று மூளை ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990களில் குரங்குகளை வைத்து இதைக் காட்டினார். ஒரு சமிக்ஞை வரும். சற்று நேரத்தில் குரங்கின் வாயில் பழச்சாறு சொட்டும். ஆரம்பத்தில் சாறு கிடைக்கும்போது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன. பழகிய பிறகு சமிக்ஞைக்கே துடித்தன, சாற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, சமிக்ஞையைக் கொடுத்துவிட்டுச் சாற்றை நிறுத்தினார்கள். எந்த நொடியில் சாறு வந்திருக்க வேண்டுமோ, சரியாக அந்த நொடியில் துடிப்பு வழக்கமான அளவைவிடக் கீழே விழுந்தது. அந்த நொடியில் வெளியே எதுவுமே நடக்கவில்லை. எதுவும் நடக்காததைத்தான் மூளை ஒரு இழப்பாகக் குறித்துக்கொண்டது.

நாய் வளர்த்த வீட்டில் இந்த மாதிரி சமிக்ஞைகள் எத்தனை! விடியற்காலை நாலரைக்குத் தாழ்ப்பாள் விலகும் சத்தம், பிஸ்கட் டின் மூடி, மோட்டார் வந்து நிற்பது, கேட்டுச் சங்கிலி. மனிதர்களோடு உள்ள உறவில் பாதி பேச்சிலேயே நடக்கிறது. ஊர் விட்டு ஊர் போனாலும் ஃபோனில் தொடரும். நாயோடு உள்ள உறவு முழுக்க நேரத்தாலும் தொடுதலாலும் ஆனது. அதனால் அது போனதும் வீட்டில் ஒவ்வொரு சத்தத்துக்குப் பின்னாலும் ஒரு பள்ளம் விழுகிறது. அப்பா ஒரு நாளில் இருபது தடவையாவது அதில் விழுந்து எழுந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இடத்துக்கும் நினைவு இருக்கிறது. 2014இல் நோபல் பரிசு பெற்ற மை-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவருடைய நார்வே ஆய்வுக்கூடத்தில், எலிகள் நடமாடும் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்துப் பழக்கினார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். பொருள் முன்பு இருந்த இடத்துக்கு எலி வந்தபோது சில நரம்பணுக்கள் துடித்தன. நாள்கணக்கில் அந்தத் துடிப்பு நீடித்தது. எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்கு ஒட்டிவிட முடியாது, சரி. ஆனால் ஜிம்மி படுத்திருந்த இரண்டாவது வாசற்படியை அப்பா இன்றைக்கும் தாண்டித்தான் இறங்குகிறார்.

பிணைப்பு இவ்வளவு ஆழமாக விழுவதற்கு ஆக்சிடோசின் ஒரு காரணம். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பாசத்தை வளர்க்கும் அதே ஹார்மோன்தான். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருடைய சிறுநீரிலும் அதன் அளவு கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. பல்லாயிரம் வருடம் கூடவே வாழ்ந்ததில், குழந்தைக்காக உண்டான வழியிலேயே நாய் நமக்குள் நுழைந்துவிட்டது. உள்ளே வந்தது இரண்டு காலா நான்கு காலா என்று அந்த ஹார்மோன் கேட்பதில்லை.

துக்கம் உடம்பையே தாக்கவும் கூடும். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் பெயரிட்ட டாகோட்சுபோ என்ற நோயில், பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் இடது கீழறை ஊதி, ஆக்டோபஸ் பிடிக்கும் பானை போல ஆகிவிடும். டெக்சஸில் ஒரு பெண்ணுக்கு வளர்ப்பு நாய் இறந்தபின் இது வந்ததை 2017இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. ஆனாலும் நாய் செத்தவருக்கு நெஞ்சு வலித்தால் மனசுதான் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

ஊரில் ஒருவர் இறந்தால் பந்தல் போடுவோம், பதினாறாம் நாள் காரியம் செய்வோம். வந்து போகிற ஒவ்வொருவரும் ‘அவர் இல்லை’ என்பதை மூளைக்கு ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாய்க்கு அது எதுவும் கிடையாது. கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989இல், ஊர் உலகம் ஒப்புக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கத்தைத் தனியாக வகைப்படுத்தி எழுதினார். நம் முன்னோர் இதில் இன்னும் தாராளமாக இருந்திருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில், விழுந்த வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன்.

சரி, இந்தத் துக்கம் எப்படித்தான் ஆறுகிறது? ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் சோதித்த நாய்களிடம் இதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று பழகிய நாய்க்கு, சாப்பாடு தராமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி கொடுத்தால் மறுபடி ஊறும். பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் ‘இனி வராது’ என்ற புதிய பாடம் படிகிறது, அவ்வளவுதான். அந்தப் புதிய பாடம் பெரும்பாலும் கற்ற இடத்தோடும் சூழலோடும் ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் தாழ்ப்பாளுக்குத் தனியாக, தட்டுக்குத் தனியாக, வாசற்படிக்குத் தனியாக மூளை அதைக் கற்றாக வேண்டும்.

நாலாவது மாதம் தீபாவளி வந்தது. அப்பா அதற்குள் தட்டில் சோறு ஒதுக்குவதை விட்டிருந்தார். தங்கை கோலாலம்பூரிலிருந்து வந்தாள். ஜிம்மி போன அன்றே ஃபோனில் அழுது தீர்த்தவள், தேறிவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். காரைவிட்டு இறங்கி கேட்டைத் தள்ளியவள், கைப்பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். சேற்றுக் காலோடு மேலே பாயும் ஜிம்மியிடமிருந்து பையைக் காப்பாற்ற எப்போதும் அப்படித்தான் நிற்பாள். பிறகு அவள் முகம் கோணியது.

அப்பா இரண்டாவது படியைத் தாண்டி இறங்கி அவள் பக்கம் போனார்.

“பையை இறக்கும்மா” என்றார்.