டர்பனிலிருந்து சென்னை எத்தனை மணி நேரம்?

போன வாரமும் ஒரு வீட்டார் சென்னையில் கல்யாண முகூர்த்தத்தைத் தவறவிட்டுவிட்டு எனக்குப் போன் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் விமான டிக்கெட் போட்டுத் தருவதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரிப் போன் வந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

அம்மாவின் பயணத்துக்கு மகன் மலிவாகப் பார்த்து, ஜோகன்னஸ்பர்க் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்கு வேறொரு டிக்கெட் எடுத்திருக்கிறார். நடுவில் ஒன்றரை மணி நேரம். முதல் விமானம் 40 நிமிடம் தாமதம். பெட்டி வருவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் அம்மா, மடியில் அண்ணன் மகளுக்கான சீர் நகை. தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும், ஐயா. தவறினால் இரண்டாவது கம்பெனிக்கு ஒரு பொறுப்பும் கிடையாது.

சரி, தூரத்துக்கு வருகிறேன். நேர்க்கோட்டில் சுமார் 7,000 கிலோமீட்டர். அதை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து "எட்டு மணி நேரம்தானே" என்கிறார்கள். நேர் விமானம் இருந்தால்தானே! துபாய் வழி போனால் 6,600ம் 2,900ம் சேர்ந்து 9,500 கிலோமீட்டர். பறப்பது மட்டுமே பன்னிரண்டரை மணி நேரம்.

இன்னொரு கணக்குதான் என் உயிரை வாங்குகிறது. டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரத்தையும் கழித்துப் பார்ப்பது. டர்பனில் இரவு 7 மணிக்கு ஏறி, துபாயில் நாலரை மணி நேரம் இருந்து, மறுநாள் பிற்பகல் 3.30க்குச் சென்னையில் இறங்குகிறீர்கள். கழித்தால் இருபதரை. திரும்பும்போது அங்கே காலை 10க்கு ஏறினால் அன்றிரவு 11.30க்கு டர்பன். கழித்தால் பதிமூன்றரை. "போகும்போது மட்டும் ஏன் ஏழு மணி நேரம் அதிகம், நல்ல விமானமாகப் போடக் கூடாதா?" என்று என்னிடம் சண்டை. இரண்டு பயணமும் 17 மணி நேரம்தான்! டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சென்னைக் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். அவ்வளவுதான்.

துபாயில் நாலு மணி நேரம் உட்கார முடியாதாம். நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாக முதன்முதலில் வந்தது ட்ரூரோ கப்பலில்; 1860 அக்டோபரில் சென்னையில் அதில் ஏறியவர்கள் நவம்பர் 16ஆம் தேதிதான் இங்கே கரையைப் பார்த்தார்கள்.

அப்புறம், அடிஸ் அபாபா, நைரோபி வழி மலிவாகக் கிடைத்தால் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தாலும் 12 மணி நேரத்தைத் தாண்டினால், திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். கிளம்புகிற வாரத்தில் ஓடி வராதீர்கள்.

கல்யாணமோ கருமாதியோ, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு நாள் முன்பாவது இறங்குங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் தயவுசெய்து இரண்டு நாள் விடுங்கள்.

அந்த அம்மா மறுநாள் வேறு டிக்கெட்டில் போனார். மறுவீட்டு விருந்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது.