உட்கார்ந்து மறப்பது எப்படி?

ஞானம் கிடைத்தவருக்கு ஞாபகம் போய்விடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சீனத்துத் தாவோ மரபில் ('தாவோ' என்றால் வழி) 'ட்சுவோவாங்' என்றொரு தியானப் பயிற்சி உண்டு. சொல்லுக்கு நேர்ப்பொருள் 'உட்கார்ந்து மறத்தல்'. அதைப் படித்ததில் எழுந்த சந்தேகம். நியாயமானதுதான், ஏனென்றால் பழைய தாவோ நூல்களிலேயே இரண்டு விதமான மறதி வருகிறது.

'லியேஸி' நூலில் சோங் நாட்டு ஹுவாஸிக்கு நடுவயதில் மறதி நோய். காலையில் வாங்கியது மாலையில் நினைவில்லை. தெருவில் இறங்கினால் நடக்க மறந்துபோகும், வீட்டுக்குள் வந்தால் உட்கார மறந்துபோகும். லூ நாட்டு அறிஞர் ஒருவர் ஏழே நாளில் குணப்படுத்துகிறார். ஹுவாஸிக்கோ ஆத்திரம்! மனைவியை விரட்டுகிறார், மகனைத் தண்டிக்கிறார், ஈட்டியோடு அறிஞரைத் துரத்துகிறார். பல்லாண்டு லாப நஷ்டமும் சுக துக்கமும் ஒரேயடியாகத் தலைக்குள் திரும்பிவிட்டன.

'ஜுவாங்ஸி' நூலின் 6ஆம் அத்தியாயத்தில் வரும் யான் ஹுய் வேறு. குரு கன்பூசியஸிடம் வந்து, அன்பையும் அறத்தையும் மறந்தேன் என்கிறார். அடுத்த முறை, சடங்கையும் இசையையும் மறந்தேன் என்கிறார். கடைசியில், உட்கார்ந்தபடியே எல்லாம் மறக்கிறேன் என்கிறார். எதை எதை மறந்தார் என்று வரிசையாகச் சொல்ல முடிகிறது, பாருங்கள். நினைவு எங்கும் போகவில்லை, அதன் மேலிருந்த பிடிதான் தளர்ந்திருக்கிறது.

புதிய நிகழ்ச்சிகளை நினைவாக்க மூளையின் ஹிப்போகாம்பஸ் வேண்டும். 1953இல் அறுவைச் சிகிச்சையில் இருபக்கமும் அதன் பெரும்பகுதியை இழந்த ஹென்றி மொலைசன் என்ற நோயாளிக்கு, அதன் பின் நடந்தவை நினைவில் தங்கவில்லை. ஹுவாஸியின் மறதியும் அதுபோல ஒரு நோய், கதையில் நினைவுகள் திரும்பி வந்தாலும். யான் ஹுய்க்குச் சேமிப்பு அப்படியே இருக்கிறது. தலைதூக்கும் நினைவின் பின்னால் மனம் ஓடுவது மட்டும் நின்றிருக்கிறது.

அதை எப்படி நிறுத்துவது? தாங் காலத்துத் துறவி சிமா செங்ஜென் (647–735) பெயரில் வழங்கும் ட்சுவோவாங் கையேடு ஏழு படிகளைச் சொல்கிறது: நம்பிக்கை, தொடர்பறுத்தல், மனத்தைத் திரட்டுதல், காரியங்களைக் குறைத்தல், உள்ளபடி பார்த்தல், அசையாமை, தாவோவை அடைதல். மூன்றாம் படிதான் பொக்கிஷம். பயிற்சி எங்கெங்கே கெடும் என்று அங்கே பட்டியலே இருக்கிறது. எழும் எண்ணத்தையெல்லாம் நல்லது கெட்டது பாராமல் அணைத்தால் அறிவும் சேர்ந்து அணையும். அதற்குப் பெயர் 'குருட்டு நிலை'. எண்ணத்தை அதன் போக்கில் விட்டால், பயிற்சியே செய்யாதவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. மனத்தை வெறுமையில் பிடித்து நிறுத்தலாம் என்றால், வெறுமையும் ஓர் இடம்தான். பிடித்துக்கொண்டே இருப்பதில் மனம் களைத்து, நோயில் முடியும்.

இந்தக் கடைசி எச்சரிக்கை எவ்வளவு நுட்பமானது என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னரின் 1987ஆம் ஆண்டுச் சோதனை காட்டுகிறது. ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஐந்து நிமிடம் கரடியை நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது.

வெக்னர் தந்த விளக்கம் அருமையானது. அடக்கும்போது மனதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கரடியல்லாத வேறு எதையாவது தேடிப் பிடிப்பது. இதற்கு உழைப்பு வேண்டும். மற்றது, கரடி வந்துவிட்டதா என்று காவல் நிற்பது; இது தானாக ஓடும், செலவு குறைவு. ஆனால் யாரைத் தடுக்க வேண்டும் என்று தெரிய, காவலாளி கையில் கரடியின் படம் இருந்தாக வேண்டுமே! களைப்பிலோ பரபரப்பிலோ தேடுபவன் சோர்ந்துவிடுகிறான். காவலாளி சோர்வதில்லை, அவன் கையிலிருக்கும் படம்தான் மனதில் நிற்கிறது. 'வெறுமையாக இரு' என்று தன்னையே கண்காணிப்பவருக்கும் இதே கதிதான்.

அடக்குவது எப்போதுமே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. 2001இல் உளவியலாளர் மைக்கேல் ஆண்டர்சன் குழு சோடிச் சொற்களை மனப்பாடம் செய்யவைத்து, ஒரு சொல்லைக் காட்டி மற்றது நினைவுக்கு வராமல் தடுக்கச் சொன்னது. 16 முறை தடுத்த சொற்கள் பிற்பாடு கேட்டபோது குறைவாகவே நினைவுக்கு வந்தன. இது தூண்டுதல் வந்த கணத்தில் மட்டும் தடுப்பது. எந்நேரமும் காவல் நிற்பது வேறு.

கையேடு காட்டும் வழி எளியது. உட்கார்ந்து மனத்தைத் திரட்டுங்கள்; ஓர் எண்ணம் எழுந்தால் ஒட்டாமல் திரும்புங்கள். தீராத விஷயம் ஒன்று அரித்தால் அடக்காதீர்கள். தீரும்வரை யோசித்து, தெளிந்ததும் நிறுத்துங்கள். முடிக்காத காரியங்கள் மனதில் குறுக்கிடுவதையும், எப்போது, எப்படி முடிப்போம் என்று திட்டம் போட்டதுமே குறுக்கீடு அடங்குவதையும் 2011இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் சோதனையில் காட்டினார்கள். வேலையை முடிக்கக்கூடத் தேவைப்படவில்லை. ஆகவே கட்டாத மின்கட்டணம் தியானத்தில் வந்து நின்றால், எழுந்து கட்டும் தேதியை எழுதிவைத்துவிட்டு மறுபடி உட்காருங்கள்.

கெட்ட நினைவுகளை அழித்துத் தருகிறோம் என்று காசு வாங்கும் முகாம்களுக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. தியான ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்காவது பயிற்சி எங்கே, யாருக்குக் கெடுகிறது என்று பார்க்கப் போக வேண்டும். தாங் காலத்துக் கையேட்டில் அந்தப் பகுதி இருக்கிறது.

மனம் கண்ணைப் போன்றது, மயிரிழை தூசு விழுந்தாலும் உறுத்தும் என்கிறது அதே பகுதி. 'ஜுவாங்ஸி'யின் 19ஆம் அத்தியாயத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது: செருப்பு பொருந்தினால் கால் மறந்துபோகும், இடைக்கச்சை பொருந்தினால் இடுப்பு மறந்துபோகும். வாசகர் கேட்ட மறதி இந்த வகைதான். கால் இருக்கிறது, நடக்கவும் நடக்கிறது.