விளக்குக் கம்பத்தடியில் சம்பா, வகுப்பறையில் கொட்டாவி

ரோட்டோர வயல்களில் பார்த்திருப்பீர்கள். வயல் முழுக்கக் கதிர் வந்திருக்கும். தெருவிளக்கின் வெளிச்சம் விழும் வட்டம் மட்டும் பச்சையாகவே நிற்கும். உரக்குறைவு இல்லை, பூச்சியும் இல்லை. பழைய சம்பா ரகங்கள் பலவும் இரவு நீள்வதை அளந்துதான் பூக்கின்றன. விடிய விடிய விளக்கு எரிந்தால் அந்தப் பயிருக்கு இரவே வரவில்லை. உயிருக்குள்ளேயே ஓடி இரவு பகலைக் கணக்கிடும் உயிர்க்கடிகாரத்தைப் பற்றிய பாடத்தைத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஆசிரியர்கள் தொடங்க இந்த வயல் போதும். மூளைப் படத்தை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.

நம் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில், சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு பொட்டு. அதன் ஒரு சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே கூடுதல். காலை வெளிச்சம்தான் தினமும் அதைத் திருத்தி வைக்கிறது. பருவ வயதில், இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் ஒன்றிரண்டு மணி தள்ளிப்போகும். ஒன்பது மணிக்கே படுக்கவைத்தாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளை விழித்துக்கொண்டு கிடப்பது அதனால்தான், திமிரினால் அல்ல. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை ஐந்து மணி டியூஷன் வெட்டுவது தூக்கத்தின் கடைசிப் பகுதியை. கனவுத் தூக்கம் அங்கேதான் அதிகம்.

இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது, அளக்கவைக்க வேண்டும். 14 நாள் தூக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: விளக்கணைத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், கடைசிக் காபி. பெயர் வேண்டாம், எண் போதும். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வந்தால் எல்லோரும் பத்து மணிக்குத் தூங்கியிருப்பார்கள்!

பிறகு தூக்கத்தின் நடுப்புள்ளி. பள்ளி நாளில் இரவு 11.30 முதல் காலை 5 வரை என்றால் நடுப்புள்ளி 2.15. ஞாயிறன்று 12.30 முதல் 9 வரை என்றால் 4.45. இடைவெளி இரண்டரை மணி நேரம். வாராவாரம் வெளிநாட்டு விமானம் ஏறி இறங்கும் உடம்பு அது. திங்கள் முதல் பீரியடில் தலை சாய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கணக்கில்தான் பெரும்பாலும் சறுக்கும். 23.30, 0.30 இரண்டுக்கும் சராசரி போட்டால் நண்பகல் 12 வரும். நள்ளிரவு தாண்டியதை 24.30 என்று எழுதச் சொல்லுங்கள். 5.30-ஐ ஐந்தரை என்று பார்க்காமல் 5.3 என்று கூட்டுவது அடுத்த தவறு. எல்லாவற்றையும் நிமிடமாக்கிவிட்டால் தீர்ந்தது. இரண்டு வாரத்தையும் கடைசி நாளில் உட்கார்ந்து நிரப்புபவர்களையும் சுலபமாகப் பிடிக்கலாம்: எல்லா நேரமும் முழு மணியாகவே இருக்கும்.

கூடவே ஒரு தொட்டாற்சிணுங்கித் தொட்டியை அலமாரிக்குள் பூட்டி வையுங்கள். 1729-இல் பிரெஞ்சு அறிஞர் டி மைரான் செய்த சோதனைதான் இது. இருட்டிலும் இலை பகலில் விரியும், இரவில் மூடும்; கடிகாரம் செடிக்குள்ளேயே ஓடுகிறது என்று அதிலிருந்து புரியும். தண்ணீர் மறக்கக் கூடாது, இலையைத் தொடக் கூடாது. பார்க்கும்போது டியூப்லைட் போட்டால் சோதனை கெட்டது. பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சின் மங்கல் வெளிச்சம் போதும். சில நாளில் அசைவு மங்கும், அதையும் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்த இரண்டு வாரம் ஆளுக்கு ஒரே ஒரு மாற்றம். ஒருவர் படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனைக் கூடத்தில் விட்டுவிடலாம். இன்னொருவர் எழுந்ததும் வாய்க்கால் கரையில் அரை மணி வெயில்படச் சைக்கிள் மிதிக்கலாம். மாலை ஆறு மணிக் காபியில் பாதிக் காஃபீன் இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும் என்பதால், காபிப் பிரியர் அதை மதியத்தோடு நிறுத்திப் பார்க்கலாம். இரண்டு மூன்று மாற்றங்களை ஒரே ஆள் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு எழுவதை ஏழுக்குக் கொண்டுவருவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அதற்கு ஆள் கிடைப்பது அபூர்வம்.