கீப்பர் ஏறி வந்துவிட்டால் ஆஃப்சைடு இல்லையா?

இந்தப் பொங்கலுக்கும் மேலூர்ப் பக்கம் ஒரு ஃபுட்பால் மேட்ச் பாதியில் நின்றது. ஆஃப்சைடு, கோல் இல்லை என்று கொடி காட்டிய லைன்ஸ்மேன் பையனை அடிக்கப் பாய்ந்தார்கள். பையன் காட்டியது சரி.

கீப்பர் பந்தைத் தட்டிவிட பாக்ஸ் விளிம்புவரை ஏறி வந்துவிட்டார். கோல் லைனில் ஒரே ஒரு டிஃபெண்டர். கீப்பருக்குப் பின்னால், பந்துக்கு முன்னால் நின்ற ஃபார்வர்டுக்குப் பாஸ் போகிறது, அடிக்கிறார். உடனே, “அதான் டிஃபெண்டர் பின்னாடி நிக்கிறான்ல!” என்று கூச்சல்.

விதியில் ‘கடைசி டிஃபெண்டர்’ என்ற பேச்சே கிடையாது. கடைசியிலிருந்து இரண்டாவது எதிரணி ஆள் யார் என்றுதான் பார்க்க வேண்டும். எதிரணிப் பாதியில் அந்த ஆளையும் பந்தையும் தாண்டி கோல் பக்கம் நிற்பதுதான் ஆஃப்சைடு. கீப்பரும் அதில் ஒரு ஆள், அவ்வளவே. வழக்கமாக அவர் கடைசியில் நிற்பதால் டிஃபெண்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகிவிட்டோம். அவர் ஏறி வந்து, பின்னால் ஒரே ஒருவர் நின்றால், அவரே அந்த இரண்டாவது ஆள். 1925 வரை மூன்று பேரைக் கணக்கெடுத்தார்கள். அதன்பின் இரண்டு பேர். கீப்பருக்குத் தனிச் சலுகை என்றைக்கும் இருந்ததில்லை.

இன்னொன்று. சக ஆட்டக்காரர் கால் பந்தில் பட்ட நொடியில் ஃபார்வர்டு எங்கே நின்றார் என்பதுதான் கேள்வி, பந்து வந்து சேர்ந்தபோது அல்ல. அந்த இரண்டாவது ஆளுக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. கையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சும்மா நிற்பது குற்றமும் இல்லை. ஆட்டத்தில் தலையிட்டால்தான் விசில். த்ரோ, கார்னர், கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.

அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்க ஃபுட்சாலில் ஆஃப்சைடு அறவே இல்லை. பந்தும் 4ஆம் நம்பர், அதிகம் எகிறாது. பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை 4 விநாடிக்குள் காலால் உள்ளே போட வேண்டும். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஆஃப்சைடு உண்டா இல்லையா என்பதை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள், கமிட்டிக்காரர்களே. டாஸ் போடும்போது இரண்டு கேப்டன்களிடமும் மறுபடி சொல்லுங்கள்.

கீழ்க்காலின் முன்பக்கத்தைக் காக்கும் ஷின் கார்டு இல்லாதவரை இறக்காதீர்கள். கயிறு, காப்பு, கடுக்கன் எல்லாம் கழற்றியாக வேண்டும். மேலே டேப் சுற்றினால் செல்லாது.

இதையெல்லாம்விட அவசரம், தூக்கி வைக்கும் இரும்பு கோல் போஸ்ட். பின்சட்டத்தைத் தரையில் அறைந்து இறுக்குங்கள், அல்லது மணல் மூட்டைகளை அடுக்குங்கள். மேட்ச் முடிந்ததும் பிள்ளைகள் அதில் தொங்குவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். முன்பாரம் கூடிக் கவிழ்ந்தால் மேல்சட்டம் தலையில்தான் விழும்.