ஃபோல்டரும் கோப்புறையும்

கணினியில் ஃபோல்டரின் தோற்றத்தை மாற்றும் 'கஸ்டமைஸ்' வசதியைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஃபோல்டரைக் கோப்புறை என்பதா, அடைவு என்பதா? ஃபோல்டர் என்ற சொல் மடிப்பதைக் குறிக்கும் ஆங்கில வினையிலிருந்து வந்தது. தாள்களைச் செருக நடுவில் மடித்த கெட்டி அட்டை இருக்கிறதே, அதுதான் அசல் ஃபோல்டர். 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினி அந்த அட்டையைப் படமாகத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆப்பிள் லிசாவும் மெக்கின்டோஷும் பின்தொடர்ந்தன. விண்டோஸில் டைரக்டரி என்றே இருந்த பெயர், விண்டோஸ் 95இல்தான் ஃபோல்டர் ஆனது.

தமிழில் கோப்புறை: கோப்பு + உறை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் பாதி. ஊசியில் நூல் கோக்கிறோம், பூவைச் சரமாகக் கோக்கிறோம். அந்தக் 'கோ'தான் கோப்புக்கு வேர். ஓலைச்சுவடியில் துளையிட்டுக் கயிறு கோத்த ஏடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபைலைப் பாருங்கள். லத்தீனில் ஃபீலும் என்றால் நூல்; காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த பழக்கம் தந்த பெயர் அது. ஃபைலுக்குக் கோப்பு வேர்வரைக்கும் பொருந்துகிறது.

சரி, அடைவு? அது டைரக்டரிக்கு உரியது. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும். கணினியின் அடைவும் எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியல்தான். கணினியின் சேமிப்பு வட்டில் இருப்பது அந்தப் பட்டியல். திரையில் மஞ்சள் அட்டையாகத் தெரிவது அதன் உறை. தோற்றத்தை மாற்றுவது பற்றிப் பேசும்போது கோப்புறை என்பதே சரி.

விண்டோஸில் ஒரு கோப்புறையை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான் என்று போய் வேறு படம் வைத்துப் பாருங்கள். உள்ளே டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்ற சின்ன உரைக்கோப்பு மறைவாக வந்து உட்கார்ந்திருக்கும். எந்தப் படம் என்பது அதில் ஒரு வரி, அவ்வளவுதான். மற்ற கோப்புகள் இருந்தபடியே இருக்கும். ஆப்பிளின் மேக் கணினியில் கோப்புறையை எப்படிக் காட்டுவது என்பதை .டிஎஸ்_ஸ்டோர் என்ற மறைவான கோப்பு வைத்திருக்கிறது: பட்டியலாகக் காட்டவா, ஐகான்களாகவா என்பதெல்லாம் அதற்குள்.

கஸ்டமைஸ் என்பதைத் தனிப்பயனாக்கு என்கிறார்கள். கஸ்டம் என்றால் வழக்கம், வாடிக்கை. அங்கே கஸ்டமர், இங்கே வாடிக்கையாளர். அவர் கேட்டபடி செய்து கொடுப்பதே கஸ்டமைஸ். ஆனால் இங்கே பயன் மாறவில்லையே, தோற்றம்தானே மாறுகிறது? அந்த இடத்தில் 'கோப்புறைத் தோற்றம்' என்று போட்டிருந்தால் முதல்முறை கணினி தொடுகிறவருக்கும் புரியும்.