காஸ்டிக்ஸ்: கேணியடியில் நெளியும் ஒளிக்கு என்ன பெயர்?

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியைக் கணினியில் முப்பரிமாணமாக ஆக்கிக் கொண்டுவந்து காட்டினான் மருமகன். படிகள், சுவர், நீரின் நிறம் எல்லாம் சரி. தண்ணீர் மட்டும் தண்ணீராக இல்லை. கண்ணாடிப் பலகையைக் கிடத்தியதுபோல் கிடந்தது.

“காஸ்டிக்ஸை நிறுத்தி வைத்திருக்கிறேன் மாமா. போட்டால் கணினி திணறுகிறது.”

“எரிசோடாவுக்கும் கேணிக்கும் என்ன சம்பந்தம்?” என்று பகிடிக்குக் கேட்டேன். சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. எரிசோடாவின் ஆங்கிலப் பெயரிலுள்ள ‘காஸ்டிக்’கும், குவிந்த ஒளி வரையும் கோடுகளைக் குறிக்கும் இந்தக் ‘காஸ்டிக்ஸ்’உம் ஒரே சொல். கிரேக்கத்தில் ‘கௌஸ்டிகோஸ்’ என்றால் எரிக்க வல்லது. காரம் தோலை எரிக்கும். கண்ணாடி வில்லை ஒன்றுசேர்த்த வெயில் கடதாசியை எரிக்கும். 1682இல் இந்த ஒளி வளைவுகளை ஆராய்ந்த ஜெர்மானியர் சிர்ன்ஹவுஸ், பெரிய எரிகண்ணாடிகளைச் செய்தவரும்கூட.

கேணியில் நடப்பது இதுதான். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் முறிவுச் சுட்டி நீருக்கு ஏறத்தாழ 1.33. அலையின் முகடு குவிவு வில்லைபோல் வெயிலைக் கூட்டுகிறது, பள்ளம் கலைக்கிறது. கூடிய இடம் அடித்தரையில் வெண்கோடாகிறது. அலை அசைய அசையக் கோடும் நெளிகிறது. கேணிவரை போகவும் தேவையில்லை. சாய்ந்த வெயிலில் எவர்சில்வர்ப் பேணியில் பால்தேநீரைப் பாருங்கள்: இரண்டு விற்கள் ஒரு கூரில் சந்திப்பதுபோல் ஒளி நிற்கும்.

கணினிக்கு இது ஏன் பாரம்? படமாக்கும் மென்பொருள் பெரும்பாலும் கமராவிலிருந்து பின்னோக்கிக் கதிரைத் தேடிப் போகிறது. அடித்தரையில் பட்ட கதிர் குருட்டாம்போக்கில் மேலே கிளம்பி, நீரில் முறிந்து, சரியாகச் சூரியனைத் தொட வேண்டும். அது அரிதிலும் அரிது. அதனால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் வான் ஜென்சன் 1996இல் வெளியிட்ட முறை இதைத் திருப்பிப் போட்டது: முதலில் விளக்கிலிருந்து ஒளித்துகள்களை எய்து, விழுந்த இடங்களைக் குறித்துவைப்பது. விளையாட்டுகளில் பெரும்பாலும் வரைந்த கோலமொன்றைத் தரையில் நகர்த்திவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. சுவரின் நிழலுக்குள்ளும் அது நெளிந்தால்தான் குட்டு வெளிப்படும்.

தமிழில் என்ன சொல்வது? ‘எரிவளைவு’ என்றால் மூலத்துக்கு விசுவாசம், கண்ணுக்குத் துரோகம். கேணியடியில் எதுவும் எரியவில்லை. ‘ஒளிவலை’ அழகு. வலை வீசும் ஊரில் சொல்லவும் இனிக்கிறது. ஆனால் பேணியில் இருப்பது வலையல்ல. எனக்கு வழிகாட்டுவது ‘குவியம்’. 1604இல் கெப்ளர் அதற்கு எடுத்த ‘ஃபோகஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு அடுப்பு என்று பொருள். தமிழ் அந்த அடுப்பைத் தூக்கிவரவில்லை. கதிர் குவிவதைப் பார்த்துப் பெயர் வைத்தது. அதே வழியில் ‘குவியொளி’ போதும்.

மருமகனின் பிளெண்டர் மென்பொருளில் இதற்கு இரண்டு தெரிவுப் பெட்டிகள் உண்டு. நம் பாடநூல் வழக்கில் ஒன்று தெறிப்புக் குவியொளி, மற்றது முறிவுக் குவியொளி. பேணிக்கு முதலாவது, கேணிக்கு இரண்டாவது.