‘பேச்சு வரல’ என்றால் எது வரவில்லை?

குடியாத்தமோ ஆற்காடோ, எங்கிருந்து வந்தாலும் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோர் முதலில் சொல்வது "பேச்சு வரல மேடம்". அதற்குள் பல சிக்கல்கள் அடங்கியிருக்கும். குரல் தொண்டையில் பிறக்கிறது; அதை நாக்கும் உதடும் ஒலிகளாக்குவது பேச்சு; கேட்டதைப் புரிந்து, நினைத்ததைச் சொல்வது மொழி. "கதவைச் சாத்து" என்றதும் ஓடிப்போய்ச் சாத்திவிட்டு ‘ததவு’ என்கிற பிள்ளைக்கு மொழி இருக்கிறது, உச்சரிப்புதான் பழகவில்லை. கையால் காட்டினால்தான் புரிகிறது என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும்.

"டிவி விளம்பரத்துக்கு ஓடி வர்றானே, காது நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். போதாது. கனத்த சத்தம் கேட்கிற பிள்ளைக்கும் ‘ஸ’, ‘ச’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனையில் ஊசி, வலி கிடையாது. பிள்ளை தூங்கும்போது நெற்றியிலும் காதருகிலும் சிறு மின்முனைகளை ஒட்டி, ஒலிக்குச் செவி நரம்பு தரும் பதிலைப் பதிவு செய்வார்கள். காது கேளாத பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குரல்வளை நன்றாகவே இருக்கும். அவர்களை ‘ஊமை’ என்று அழைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சீக்கிரம் கண்டுபிடித்துக் கருவி பொருத்திப் பயிற்சி கொடுத்தால் பேச வாய்ப்பு அதிகம்.

2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். வராவிட்டால், "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உருது, தெருவில் தமிழ். இன்னும் சில வீடுகளில் தெலுங்கு. இதனால் பேச்சு தாமதமாகாது. பாட்டியின் மொழியை நிறுத்த வேண்டாம். எல்லா மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்தே எண்ணுங்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் தருவது ஆபத்து. நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தடுமாறலாம்; பேச்சே வராததற்கு அது காரணமல்ல.

திக்கிப் பேசும் பிள்ளையிடம் "மெதுவா சொல்லு" என்று குறுக்கிடாமல் முகம் பார்த்துக் காத்திருங்கள்.

பெரியவர்களுக்குத் திடீரென நாக்குக் குழறினாலோ, சொல் கிடைக்காமல் தவித்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். அப்போது பேச்சுப் பயிற்சியைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக அவர் நன்றாகப் பேசியது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.